அடைப்பு எடுத்த வருஷம்

விடுதியில் நாம் ஒன்றாகப் படித்த நாட்களில் ஆற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். உங்களுக்கு நினைவிருக்கலாம். கல்லிடைக்குறிச்சிக்காரி அவள் ஊர்ப் படித்துறையைப் பற்றிச் சொல்வாள். சீவலப்பேரிக்காரி வெள்ளம் ஏறி வயலுக்குள் மீன் துள்ளியதைச் சொல்வாள். நான் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். "ஏட்டி, உங்க ஊருலயும் இதே ஆறுதானே?" என்று யாராவது கேட்பீர்கள். இதே ஆறுதான். நீங்கள் எல்லோரும் குளித்து, துவைத்து, நெல்லுக்குப் பாய்ச்சி முடித்த பிறகு மிச்சம் இருப்பது கடலில் வந்து விழுகிற இடம் எங்கள் ஊர். எனக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அன்று நீங்கள் கேட்டதற்கு இன்றாவது பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

ஊருக்கு வடக்கே ஆறு கடலைத் தொடும் முன் பல கிளைகளாகப் பிரியும். அதில் ஒன்று அலையாத்தி மரங்களுக்குள் வளைந்து வளைந்து போய்ச் சேற்றில் முடியும். அதைக் கழி என்போம். கடல் ஏறும்போது உப்புத்தண்ணீர் உள்ளே வரும். இறங்கும்போது முழங்கால் ஆழத்துக்குச் சேறு மிஞ்சும். ஆண்கள் வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். கழி பெண்களுடையதாக இருந்தது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து அம்மாவும் பெரியம்மாவும் பனையோலைப் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். சேற்றைப் பாதத்தால் துழாவி மட்டிச் சிப்பி எடுப்பார்கள். வளைக்குள் கம்பியை விட்டு நண்டு இழுப்பார்கள். அந்தச் சேற்றின் வாடை எங்கள் பாய், தலையணை, என் பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் இருந்தது. நீங்கள் மூக்கைப் பொத்தியிருப்பீர்கள். எனக்கு அதை மோந்தால் பசிக்கும்.

பெரியம்மா என் அப்பாவுடைய அண்ணனின் மனைவி. பெரியப்பா நான் பிறக்கும் முன்பே கடலோடு போய்விட்டார். பிள்ளைகள் கிடையாது. எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஓலைச் சாய்ப்பு இறக்கித் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டாள். கணுக்காலுக்குக் கீழே மட்டி ஓடு கிழித்த தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். கோபத்தில் எதையும் மூட மாட்டாள்.

ஐப்பசியில் மழைவெள்ளம் இறங்கத் தொடங்கியதும் கழியை அடைத்துவிடுவார்கள். அடைப்பு என்றால் சுவரோ வேலியோ இல்லை. கழியின் வாயில் சிலுவை வைத்த ஒரு சின்னக் குருசடி உண்டு. அதன் முன்னால் பனங்கம்பு ஒன்றை நட்டு, அதில் மாதா கோவில் சாமியார் மந்திரித்த ஓலையைக் கட்டுவார்கள். அவ்வளவுதான். அதன்பிறகு தை பிறக்கும்வரை உள்ளே வலை போடக் கூடாது, மட்டி எடுக்கக் கூடாது, அலையாத்தியில் ஒரு கொப்பை ஒடிக்கக் கூடாது. அந்த மாதங்களில்தான் மீன் குஞ்சும் இறால் குஞ்சும் கடலிலிருந்து ஏறி வந்து வேர்களுக்குள் ஒதுங்கி வளரும். மீறியவனுடைய வலையை மாதா கோவில் முகப்பில் தொங்கவிடுவார்கள். பெரியம்மா ஒருமுறை தன் புருஷனுடைய வலையையே பிடுங்கிக்கொண்டுபோய்த் தொங்கவிட்டாளாம். "அன்னைக்கு அந்த மனுசன் சோறு திங்கல. இவ வச்ச குழம்ப இவளே தின்னா" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். விசைப்படகுகள் எங்கள் கரைக்குக் கிட்டத்திலேயே வந்து கடலை அரித்துக்கொண்டிருந்தன. அப்பா விரித்திருந்த வலையை ஒரு படகு மொத்தமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. அறுந்து கிடைத்த துண்டை மணலில் விரித்துவைத்து, அதன் ஓட்டைகளை விரலால் தடவியபடியே உட்கார்ந்திருப்பார். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. அப்படியிருந்த சமயத்தில்தான் பண்ணைக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

அவர் மேற்கே எங்கிருந்தோ வந்தவர். கழிக்கு அந்தப் பக்கம் கிடந்த பழைய உப்பளத்தை வாங்கி, இறால் வளர்க்கக் குளங்கள் வெட்டியிருந்தார். ஆளைப் பார்த்தால் நல்லவராகத்தான் தெரிந்தார். பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார். கிழவிகளைக்கூட "வாங்க, போங்க" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் முற்றத்தில் கூடிய ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார்.

"குளம் தயாரா இருக்குதுங்க. குஞ்சு பொரிக்கிற இடத்துல வாங்கினா பாதி வழியிலயே செத்துப்போகுது. உங்க கழியில தானா வர்ற குஞ்சு நல்லா நிக்குமுங்க. அதை எடுத்துக் கொடுங்க, அன்னன்னிக்குக் கையில காசு. ஆம்பளைங்களுக்குப் பண்ணையில வேலையும் உண்டு."

ஊர்த்தலைவர் தலையைச் சொறிந்தார். "அடைப்பு நேரம்லா இது, அண்ணாச்சி. தை பொறக்கட்டும்."

"தையில இந்தக் குஞ்சு இருக்காதுங்களே."

கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. சுவரை ஒட்டி நிற்போம். அங்கிருந்து பெரியம்மா முன்னால் வந்தாள். "குஞ்சு உள்ள ஏறணும்னுதான் அடைக்கோம். அதையே அள்ளிக் குடுக்கணும்னா அப்பறம் அடைப்பு எதுக்கு?"

"மீனையா பிடிக்கச் சொல்லுதாவ? கண்ணுக்கே தெரியாத சாமான்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

அப்போது அப்பா எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை. "மைனி, கடல்ல இனி நமக்கு ஒண்ணும் இல்ல. நீங்களும் பாக்கியள்லா. ஒரு வருசம். ஒரு வருசத்துல கழி எங்கன போயிரும்?"

பெரியம்மா அவரையே பார்த்தாள். "நீயா சொல்லுத இத?" என்றாள். திரும்பிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

சாமியாரிடம் கேட்டார்கள். ஊர் சேர்ந்து எடுக்கும் முடிவே நல்ல முடிவு என்று சொல்லிவிட்டு அவர் காப்பி குடிக்க உள்ளே போனார். ஆண்கள் கை தூக்கினார்கள். இந்த வயதில் யோசித்துப் பார்த்தால் அந்த முற்றத்தில் கெட்டவர் என்று ஒருவர்கூட இல்லை. கை தூக்கிய ஒவ்வொருவரும் தன் பிள்ளையைக் கடலிலிருந்து கரையேற்றிவிட்டதாகத்தான் நம்பினார். நம்பிக்கை கெடுதல் செய்யும் என்று எனக்கு அப்போது தெரியாது. கூட்டம் கலைந்து வரும்போது அப்பாவின் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் பனங்கம்பைப் பிடுங்கிக் குருசடிக்குப் பின்னால் சாத்திவைத்தார்கள். பாதி ஊர் கழிக்குள் இறங்கியது. கொசுவலையை அறுத்து இரண்டு கம்பில் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டே போவார்கள். கல்யாணத்துக்குச் சீராக வந்த ரோஸ் நிறக் கொசுவலை ஒன்று அந்தச் சேற்றுத் தண்ணீரில் மிதந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அம்மா முதல்நாள் போகவில்லை. அடுத்த நாளும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து எங்கள் கொசுவலையைக் கழற்றினாள். "நாம எடுக்காட்டி வேற எவளாவது எடுத்துட்டுப் போவா. இருக்கவா போவுது?" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே கேட்டு அவளே சொல்லிக்கொண்ட பதில் அது.

குஞ்சு பொறுக்குவது பிள்ளைகளின் வேலை. எங்களுக்குத்தான் கண் கூர்மை என்றார்கள். வலையில் வந்ததை வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டி, மட்டி ஓட்டால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். பண்ணைக்குத் தேவையான குஞ்சு ஊசிமாதிரி இருக்கும். வயிற்றோரம் செம்பழுப்பில் ஒரு கோடு. அதை மட்டும் எடுத்து வாளியில் விட வேண்டும். தட்டில் வேறு என்னென்னவோ இருக்கும். வெள்ளிச் சீவல் போன்ற மடவைக் குஞ்சு. நகக்கண் அளவு நண்டு, கண் மட்டும் கறுப்பாக, உடம்பு கண்ணாடியாக. ஒருமுறை சுருட்டிய வாலோடு ஒரு கடல்குதிரை, என் கண்ணிமை நீளம். கோடு போட்ட குஞ்சு ஒன்று கிடைத்தால் பெரிது. மற்றதெல்லாம் கழிவு. தட்டைக் கவிழ்த்து மணலில் உதறிவிட்டு அடுத்த தட்டுக்குக் கையை நீட்டுவோம்.

கரை நெடுக அந்தக் கழிவு குவிந்தது. காலையில் ஈரமாக மினுங்கும். வெயில் ஏறியதும் காகிதம்போல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கொக்கும் காக்கையும் தின்று தீராமல் விட்டுப்போயின.

பெரியம்மா ஒரு பனம்பாளையையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே வந்தாள். யாரோடும் சண்டை போடவில்லை. குவியல் குவியலாகப் போய்ப் பாளையால் வழித்தெடுத்துக் குடத்துத் தண்ணீரில் போட்டுக் கழியில் கொண்டுபோய் ஊற்றினாள். திரும்பி வந்து அடுத்ததை வழித்தாள். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு தங்கள் வேலையைப் பார்த்தார்கள். எங்களிடம் வந்தபோது அம்மா நிமிரவில்லை.

"எல்லாம் செத்துப்போச்சு, அக்கா. எதுக்கு இப்படி அலையுதிய?"

"நாலாவது கெடக்கும்ட்டி, உசுரோட."

அவள் குனிந்து என் காலடியில் கிடந்ததை வழித்தபோது மூச்சு வாங்கியது கேட்டது. குடத்தில் ஊற்றியதும் நான் எட்டிப் பார்த்தேன். எல்லாம் மேலே மிதந்தன. ஒன்றே ஒன்று, எது என்று தெரியவில்லை, வெட்டி வெட்டி அடியில் போனது. அதைப் பார்த்ததும் பெரியம்மா கழிக்கு ஓடினாள். அந்த வயதுப் பெண் ஒருத்தி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தை வரைக்கும் தினமும் வந்தாள். பிறகு குஞ்சும் தீர்ந்தது, கழிவும் தீர்ந்தது.

பண்ணைக்குத் தண்ணீர் போக வாய்க்கால் வேண்டுமென்று கழியின் ஒரு கையை மறித்து வரப்புப் போட்டார்கள். வழியில் நின்ற அலையாத்தியை வெட்டினார்கள். அப்பாவுக்குப் பண்ணையில் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை கொடுத்தார்கள். குளத்தில் சுற்றும் காற்றாடிச் சக்கரங்களையும் தீவனத் தட்டுகளையும் பற்றி அவர் வீட்டில் பேசிக்கொண்டே இருந்தார். அத்தனை பேச்சு அவருக்குள் இருந்தது எங்களுக்கே தெரியாது. முதல் அறுப்பு நன்றாக வந்தது. ஐஸ் லாரிகள் வந்து நின்றன. அந்த வருஷம் மாதா திருவிழாவுக்குக் கோபுரம் முழுக்கச் சீரியல் விளக்குப் போட்டார்கள். பெரியம்மா சப்பரத்தின் பின்னால் செருப்பில்லாமல் நடந்து வந்தாள். அப்பா பக்கம் திரும்பவில்லை.

இரண்டாவது வளர்ப்புக்குப் பண்ணைக்காரர் எங்கிருந்தோ பைபையாகக் குஞ்சு கொண்டுவந்து விட்டார். பாதி வளர்ந்த நேரத்தில் ஒருநாள் இறால்கள் குளத்தின் ஓரத்துக்கு வந்து ஒதுங்கி நின்றன. கையில் எடுத்தால் துள்ளவில்லை. தலையோட்டில் சுண்ணாம்பு தெளித்தமாதிரி வெள்ளைப் புள்ளிகள். வாரம் முடிவதற்குள் எல்லாக் குளத்திலும் அதுதான். அப்பா மத்தியானம் வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றவில்லை.

"ஷட்டரத் தெறக்கச் சொல்லுதாவ" என்றார்.

அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்தாள். "கழியிலயா?"

"வேற எங்கன தெறப்பாவ?"

"நீங்க முடியாதுன்னு சொல்லுங்க."

"நான் இல்லன்னா இன்னொருத்தன் தெறப்பான்."

அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார். கடல் வற்றும் நேரம் பார்த்து ஷட்டர் பலகையைத் தூக்கிவிட்டார்கள். செத்த இறாலும் மருந்தும் தீவனச் சகதியும் சேர்ந்த தண்ணீர் சாயங்காலம்வரை கழிக்குள் இறங்கியது.

அடுத்த நாள் காலையில் நண்டுகள் வேர்களின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. மீன்கள் வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பெண்கள் கரையில் வரிசையாக நின்றார்கள். யாரும் அழவில்லை. பெரியம்மா சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கினாள். காலால் துழாவி ஒரு மட்டியை எடுத்தாள். அது வாய் பிளந்திருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. சேறு கறுப்பாக மாறியிருந்தது. வாடையும் மாறியிருந்தது. அந்த வாடையில் எனக்குப் பசிக்கவில்லை.

அந்த ஐப்பசியில் பெரியம்மா தனியாகப் போய்க் குருசடி முன்னால் கம்பை நட்டாள். ஓலை மந்திரிக்கச் சாமியாரைக் கேட்கவில்லை. அந்த வருஷம் அடைப்பை ஒருவரும் மீறவில்லை. மீறிப் போய் எடுப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

பண்ணைக்காரர் ஜீப்பில் ஏறிப் போனவர்தான். வாசலில் பூட்டுத் தொங்கியது. குளங்கள் வெடித்துக் கிடந்தன. ஊர்க் கிணறுகளில் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. அப்பா மட்டும் தினமும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார். "மோட்டார அப்படியே போட்டுட்டுப் போயிருக்காவ. வராம இருப்பாவளா?" என்பார். ஒருநாள் லாரி வந்தது. மோட்டார்களைக் கழற்றினார்கள். அப்பாதான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றிவிட்டார். மறுநாள் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தார். அதன்பிறகும் அதை யாரும் கேட்டு வரவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் கழியின் வாயில் வனத்துறையின் பச்சைப் பலகை ஒன்று வந்தது. மிச்சமிருந்த அலையாத்தியைப் பாதுகாக்கப் போகிறார்கள் என்றும், உள்ளே போகிறவர்கள்மேல் வழக்கு வரும் என்றும் எழுதியிருந்தது. கொசுவலை போட்டுக் கழியை அழித்தவர்கள் ஊர்க்காரர்கள் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். அது பொய் இல்லை. பொய் இல்லை என்பதால் யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை. கம்பி வேலி போட்டு, காவலுக்கு ஒரு வாலிபனை வைத்தார்கள். மேட்டுநிலத்துப் பையன், சேற்றில் நடக்கப் பயப்படுவான்.

வேலிக்கு உள்ளே ஒரு மூலையில், கடல்தண்ணீர் நேராக ஏறும் இடத்தில், கொஞ்சம் மட்டி மறுபடி உயிர் பிடித்திருந்தது. பெரியம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். தை பிறந்தபின் போய்ப் பார்த்துக் கையளவு எடுத்துக்கொண்டு வந்தவளை அவன் பிடித்தான். சுக்கு வாங்கக் கடைக்குப் போன நான் காவல் கொட்டகை வாசலில் பெரியம்மா தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஓடினேன். பெட்டியையும் கம்பியையும் அவன் வாங்கி வைத்திருந்தான்.

"நான் என்ன செய்யட்டும், ஆச்சி?" என்றான். குரலில் வருத்தம் இருந்தது. "மேல கேப்பாவ. காவல் இல்லாமத்தான் இது இப்படிக் கெட்டுப்போச்சு, இனியாவது ஒழுங்கா பாத்துக்கணும்னு சொல்லி அனுப்பியிருக்காவ."

பெரியம்மா எதையாவது சொல்வாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். வலையைத் தொங்கவிட்டவள், கூட்டத்தில் முன்னால் வந்து நின்றவள், இதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் தலையை ஆட்டினாள். "சரிதான்" என்றாள்.

அப்பா போய்க் கையெழுத்துப் போட்டு அழைத்துவந்தார். வீட்டு வாசலில் அப்பா, "மைனி, உள்ள வந்து ஒரு வாய் சாப்பிடுங்க" என்றார். "பசி இல்ல, கொழுந்தரே" என்று அவள் தன் சாய்ப்புக்குள் போனாள். அதன்பிறகு கழிப்பக்கம் அவள் போகவே இல்லை. காலையில் மற்றப் பெண்களோடு வேனில் ஏறிப் போய்த் துறைமுகப் பக்கம் ஒரு கொட்டகையில் ஐஸில் கையை விட்டு இறால் உரித்தாள். விரல்கள் வெளுத்து ஊறிப்போய் வரும். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது பாதி கீழே விழும்.

அப்பாவுக்குத் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் வாசல்காவல் வேலை கிடைத்ததும் நாங்கள் ஊரைவிட்டு வந்தோம். "நீங்களும் வாங்க, அக்கா" என்று அம்மா கூப்பிட்டாள். "அங்கன வந்து நான் என்னத்தச் செய்ய?" என்றாள். நான் விடுதிக்கு வந்ததும் உங்களைப் பார்த்ததும் அதற்குப் பிறகுதான்.

பெரியம்மா இறந்தபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது. போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. உடலைக் குளிப்பாட்ட வேண்டும். ஊரில் அப்போது குடிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும் வேனில் வரும் தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வேன் வரட்டும் என்று பெண்கள் காத்திருந்தார்கள். வரவில்லை. கோவில் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று சாமியார் ஆளனுப்பிக் கேட்டார்.

அம்மா எழுந்து கிணற்றிலிருந்து ஒரு வாளி இழுத்து வந்தாள்.

"இதையே ஊத்துங்கட்டி. உப்புத்தண்ணி அவளுக்குப் புதுசா?"

ஊற்றினார்கள். தலையைத் துவட்டி, வெள்ளைச் சேலை உடுத்திக் கிடத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் நெற்றியிலும் இமைகளிலும் உப்பு வெள்ளையாகப் பூத்தது. அம்மா ஈரத் துணியால் துடைத்தாள். காய்ந்ததும் மறுபடி பூத்தது. அப்பா மூலையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை மூட ஆட்கள் வரும்வரை அம்மா துடைத்துக்கொண்டே இருந்தாள்.